ராணி கையில் கம்பி மத்தாப்பு

எங்கள் ஊர் ஜமீன் அரண்மனையில் ஒரு காலத்தில் அறுபது ஓவியங்கள் இருந்தனவாம். பெரிய ராஜா குதிரைப் பந்தயத்தில் இருபதைத் தொலைத்தார். அவர் மகன் கோர்ட்டுக்கு நடந்தே முப்பதைத் தொலைத்தார். மிச்சத்தைக் கரையானும் பங்காளிகளும் பிரித்துக்கொண்டார்கள். கரையானாவது சண்டை போடாமல் தின்றது. கடைசியாக நின்றது, கையில் கிளியோடு இருக்கும் ராணி படம் ஒன்றுதான்.

அரண்மனையைப் பெருக்கித் துடைத்து வந்தவள் என் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள். அதற்கு முன் முப்பது வருடம் வெடி கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டியவள். அவள் ஒட்டினால் ஒரு சுருக்கம் விழாது, ஒரு மூலை தூக்காது. புருஷன் போய்ச் சேர்ந்து, மகளும் திருப்பூருக்குப் போன பிறகு அவள் மனம்விட்டுப் பேசியது ராணியிடம்தான். முழங்கால் வலி, மருமகனின் யோக்கியதை எல்லாவற்றையும் ராணி கேட்டுக்கொண்டாள். ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை. அதனாலேயே ராணி மேல் பஞ்சம்மாளுக்கு உயிர்.

போன ஆவணியில் சென்னையிலிருந்து பேரன் சின்ன ராஜா போன் செய்தார். அரண்மனையை அட்டைப்பெட்டி குடோனுக்கு விடப்போகிறாராம். ராணியை விலைக்குக் கேட்கும் ஒருவரோடு வெள்ளிக்கிழமை வருகிறாராம்.

ராணியை விட்டுக்கொடுக்கப் பஞ்சம்மாள் தயாராக இல்லை. மைதாப் பசை காய்ச்சினாள். பழைய லேபிளிலிருந்து பொறி பறக்கும் கம்பி மத்தாப்புப் படம் ஒன்றைக் கத்தரித்து, கிளியின் மேல் ஒட்டிவிட்டாள். கெட்டுப்போன படத்தை எவன் வாங்குவான்?

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் முப்பது வருடக் கை சும்மா இருக்குமா? தன்னை அறியாமலேயே ஓரத்தை நீவி, காற்றை வெளியேற்றி, வரைந்தது போலவே ஒட்டித் தொலைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை வந்த மெர்வின் சார் பெரிய ஓவிய நிபுணராம். கூடத்தில் கரண்ட் இல்லை. ராணி கையில் இருந்தது என்னவென்று சின்ன ராஜாவுக்கே நினைவில்லை. அந்த அரை வெளிச்சத்தில் படத்தைப் பார்த்த மெர்வின் சார் துள்ளிக் குதித்தார்.

"அந்தக் காலத்து ராணி கையில மத்தாப்பா! இது மாதிரி எங்கேயுமே கிடையாது சார். பேசினதுக்கு மூணு மடங்கு தர்றேன்!"

பஞ்சம்மாளுக்குப் பகீரென்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டதே! ஈரத்துணியோடு ஓடினாள். ஓரத்தை நனைத்தாள், நகத்தால் நெம்பினாள். மத்தாப்பு முழுசாகக் கையோடு வந்தது. உள்ளேயிருந்து கிளி எட்டிப் பார்த்தது.

"கம்பெனி லேபிளுங்க சார். நாந்தேன் ஒட்டுனேன்."

மெர்வின் சாருக்கு முகம் செத்துவிட்டது. ஏமாந்த நிபுணருக்கு அப்புறம் உலகத்தில் எல்லாமே போலிதான். "கிளியை யார் ஒட்டினாங்களோ! ராணியே காலண்டர் படமோ என்னவோ!" என்று காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சின்ன ராஜா குதித்தார். "மானத்தை வாங்கிட்டியே! இந்தக் குப்பையை நீயே தூக்கிட்டுப் போ!"

"ராசா சொன்னா மறுபேச்சு உண்டுங்களா?" என்ற பஞ்சம்மாள், அவர் மூச்சு வாங்குவதற்குள் படத்தை ஆணியிலிருந்து இறக்கிவிட்டாள்.

இப்போது அரண்மனை முழுக்க அட்டைப்பெட்டிகள். ராணி பஞ்சம்மாள் வீட்டில், அடுப்படிக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறாள். தீபாவளிக்கு அதிரசம் கொடுக்கப் போனேன். பார்த்தால், ராணி கையில் மறுபடியும் மத்தாப்பு!

"ஏக்கா, உரிச்சதைத் திரும்பவும் ஒட்டியிருக்கீக?"

"எவனாச்சும் விலைக்குக் கேட்டு வருவான்லா?" என்றாள் பஞ்சம்மாள். "அன்னைக்கு உரிச்சுக் காட்ட ஒண்ணு வேணாமா?"