இடுப்பு முப்பத்திரண்டு

என் மனைவியின் தம்பி சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் ஆபரேட்டர். போன ஆண்டு அங்கே எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து பி.எம்.ஐ. என்று ஓர் எண் கொடுத்தார்கள். அவனுக்கு இருபத்திரண்டரை, பக்கத்தில் ‘நார்மல்’ என்று அச்சாகியிருந்தது. அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டான். மாலையில் வீட்டுக்கு வந்து என் எடையையும் உயரத்தையும் கேட்டு, போனிலேயே கணக்குப் போட்டான். இருபத்தெட்டு.

“மாமா, ஹார்ட் வார்டுல பெட்டு உங்களுக்குத்தான் ரிசர்வு. நான் ஆரஞ்சு வாங்கினு வந்து பாக்கறேன்.”

“தோலாவது உரிச்சுக் குடுப்பியா?”

“உரிக்கறேன். சாப்புடலாமான்னு மட்டும் அக்காகிட்ட கேட்டுக்குங்க.”

அவனுக்குக் கையும் காலும் மெலிவு. சட்டையை எப்போதும் வெளியே விட்டிருப்பான். காற்றடித்துச் சட்டை உடம்போடு ஒட்டும்போதுதான் வயிறு தெரியும், வேறொருவருடையதைக் கொண்டுவந்து வைத்ததுபோல. அவன் அப்பாவும் ஒல்லிதான். ஐம்பது வயதைத் தாண்டவில்லை. மாரடைப்பு என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள்; வீட்டில் இன்றும் வாயு என்றுதான் சொல்வார்கள். ஒல்லியானவனுக்கு நெஞ்சில் என்ன வந்துவிடப் போகிறது என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. நார்மல் என்ற சொல் அதற்கு முத்திரை குத்திவிட்டது.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு வளைகாப்புக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போனோம். நிலையத்து நடைமேம்பாலத்தில் பாதிப் படியில் அவன் நின்றான். போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அருகில் போனபோது போனின் திரை இருட்டாக இருந்தது. நெற்றியில் வியர்வை. ஜனவரி மாதக் காலை அது.

“என்னா?”

“ஒண்ணும் இல்ல மாமா. மெசேஜ்.”

நேராகச் சொன்னால் வரமாட்டான். அடுத்த வாரம், சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் எனக்கு பிரஷர் பார்க்க வேண்டும், துணைக்கு வா என்று அழைத்துப் போனேன். என்னைப் பார்த்து முடித்ததும், “இவனையும் பாருங்க மேடம். படி ஏறுனா நிக்கறான், ஆஃப் ஆன போன்ல மெசேஜ் படிக்கறான்” என்றேன். அவன் என்னை முறைத்துவிட்டு, போனில் இருந்த தொழிற்சாலை ரிப்போர்ட்டின் படத்தை டாக்டரிடம் நீட்டினான்.

“நான் நார்மல் மேடம். இடுப்பு கூட முப்பத்திரண்டுதான். கல்யாணத்துலேருந்து அதே சைஸு.”

“பேன்ட்ட எங்க போடுறீங்க?”

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. டாக்டர் சட்டையைத் தூக்கச் சொன்னார். பெல்ட் வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில் உட்கார்ந்திருந்தது. தையற்காரர் இடுப்பு என்று அளப்பதும் அந்த இடத்தைத்தான். வயிறு வளர வளரப் பேன்ட் கீழே இறங்கியது. எண் மட்டும் மாறவில்லை. நர்ஸ் தொப்புளையொட்டி டேப்பைச் சுற்றினார். முப்பத்தெட்டு.

“அது வயிறு மேடம். இடுப்பு இல்ல.”

“எனக்கு வயிறுதான் வேணும்” என்றார் டாக்டர். “பி.எம்.ஐ.க்கு எது தசை, எது கொழுப்பு, அது எங்க சேந்திருக்குன்னு தெரியாது. வயித்துல சேர்றதுதான் இதயத்துக்கு ஜாஸ்தி கெடுதல். அப்பாவுக்கு என்ன ஆச்சு?”

“வாயு” என்று தொடங்கி நிறுத்தினான். பிறகு, “ஹார்ட்டு” என்றான். அவன் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

முப்பத்தெட்டு என்றபோது நான் சிரித்ததைக் கவனித்திருந்த டாக்டர் என் பக்கம் திரும்பினார். “இருபத்தெட்டுங்கறது உங்களுக்கும் நல்ல நம்பர் இல்ல. எடையக் குறைங்க.”

அவனுக்குச் சர்க்கரை கூடியிருந்தது. ஈ.சி.ஜி.யில் சந்தேகம். ஆஞ்சியோவில் ஒரு ரத்தக் குழாயில் அடைப்பு தெரிந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். நான் ஆரஞ்சு வாங்கிப் போனேன். ஜூஸ் வேண்டாம், பழமாகத் தின்னலாம், அதுவும் பாதிதான் என்றார் நர்ஸ். மீதிப் பாதியை நான் தின்றேன்.

போன மாதம் மறுபரிசோதனைக்கு மீண்டும் ரயிலில் போனோம். அதே நடைமேம்பாலம். அவன் சீராக ஏறினான். பாதிப் படியில் நான் கைப்பிடியைப் பற்றி நின்று, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். அவன் திரும்பிப் பார்த்து, இறங்கி வந்து, போனை எட்டிப் பார்த்தான்.

“ஸ்க்ரீன் இருட்டா இருக்குது மாமா. இன்னைக்கு நெஜமாவே நீங்கதான் பேஷன்ட்டு. நான் தொணைக்கு வரேன், மெதுவா ஏறுங்க.”