கேசட்டுக்குள் அடித்த மணி

போன வாரம் ஒத்திகையில் ஸ்டெல்லா டீச்சர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். மைக்கை ஸ்டாண்டில் மாட்டினார்.

"வயசாயிருச்சு சார். கொயர்ல பாடுதே அந்தப் பொண்ணு, அதையே பாடச் சொல்லுங்க."

யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

ஆவூர் தேவாலயத் திருவிழாவில் எங்கள் பழைய மெல்லிசைக் குழு மறுபடி ஒரே ஒரு பாட்டு வாசிக்கப் போகிறது. நாங்களே மெட்டுப் போட்ட பாட்டு. இளவயதில் இதே திருவிழாவில் வாசித்தபோது பதிவு செய்த கேசட் என்னிடம் இருக்கிறது. அதில் டீச்சர் பாடத் தொடங்கும் முன் என் எலெக்ட்ரிக் கிடார் தனியாகப் பேசும் — மெலிசாக, சில்லென்று, தகரக் கூரையில் முதல் தூறல் விழுகிற மாதிரி.

அந்தச் சத்தம் அப்படியே வர வேண்டும். முடிவு செய்துவிட்டேன்.

கிடார் அதே கிடார். அன்று அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் கிடையாது. மைக் செட்டிலேயே சொருகி, குழாய் ஸ்பீக்கரில் வாசித்தேன். அன்னவாசல் மைக் செட் ராசு அதே பழைய பெட்டியைக் குடோனில் தேடி எடுத்து வந்தார். எல்லாம் அதே... சத்தம் மட்டும் கனமாக வந்தது.

மெல்லிய கம்பி மாட்டினேன். பெடல் மாற்றினேன். கேசட்டோடு ஸ்ருதி சேரவில்லை. கிடாரை ஒரு கட்டை ஏற்றினேன். இளவயதில் எதையும் உச்சத்தில்தான் வாசித்திருப்போம் என்று நினைப்பு. எதை மாற்றினேன், என்றைக்கு மாற்றினேன் என்று நோட்டில் எழுதியதே பதினோரு பக்கம்.

ராசு பொறுத்துப் பார்த்தார். "அண்ணே, பொட்டி மேல குத்தமில்ல. கிடார் மேலயும் குத்தமில்ல. மிச்சம் நீங்கதான்."

அந்த ஏற்றிய ஸ்ருதியில்தான் டீச்சரைப் பாடச் சொன்னோம். சரணத்தின் உச்சியில் குரல் உடைந்தது. மைக்கை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஆவூர் தேவாலயத்தில் தனியாக உட்கார்ந்து கேசட்டை ஓட்டினேன். பாட்டு முடிந்ததும் அதில் கோயில் மணி கேட்கும். நூறு தடவை கேட்டது, கவனித்ததில்லை. நிறுத்திய கொஞ்ச நேரத்தில் மேலே நிஜ மணி அடித்தது — மத்தியான மணி. கை தன்னால் கிடாரில் அந்த ஸ்வரத்தைத் தேடியது.

கேசட்டில் இருந்த மணி ஒரு கட்டை கூடுதல்.

மணி அடித்துவிட்டு வந்த கோயில்பிள்ளையிடம் ஓடினேன். "இடையில மணிய மாத்தினீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கயித்தத்தான் சார் மாத்தியிருக்கு."

மணி மாறவில்லை என்றால்? வீட்டுக்கு வந்து அந்த வருட டைரியைப் புரட்டினேன். என் கையெழுத்துதான்: 'கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் மைக் செட்டுக்கு மட்டும். டேப் ரிக்கார்டர் பழைய பேட்டரியில் ஓடியது.'

பேட்டரி இளைத்தால் பதியும்போது நாடா மெதுவாக நகரும். அதையே நல்ல கரண்டில் போட்டால் எல்லாம் வேகமாக ஓடும். கிடார் மெலியும், குரல் உயரும், மணியும் உயரும்.

பாட்டை செல்போனில் ஏற்றி, மணியோடு மணி சேரும்வரை வேகத்தைக் குறைத்தேன். கிடார் கனத்தது. முதல் நாளே ராசுவின் பெட்டியிலிருந்து வந்த அதே சத்தம்... நான் துரத்திய சத்தத்தை நான் வாசித்ததே இல்லை. டீச்சரும் அந்த உச்சியில் பாடியதே இல்லை.

ஒரு மெஷின் பொய் சொல்லும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு மனுஷிக்குக் குரல் போய்விட்டது என்பதை மட்டும் எவ்வளவு சீக்கிரம் நம்பினோம்?

செல்போனை டீச்சர் வீட்டுக்கே எடுத்துப் போய், பேட்டரி விஷயத்தையும் சொன்னேன். இரண்டு தடவை கேட்டார். நேற்று ஒத்திகைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

கிடாரை ஒரு கட்டை இறக்கினேன். பழைய கம்பி, பெடல் கிடையாது. சரணம் வந்தது. உச்சியில் குரல் நிலைத்து நின்றது — ஆடாமல், அவசரப்படாமல். ராசு பெட்டிமேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

முடிந்ததும் டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "அன்னைக்கு புது பேட்டரி வாங்கிட்டு வாரேன்னு கிளம்பினது யாரு சார்?"

டைரியில் தேதி இருக்கிறது, கிழமை இருக்கிறது, வந்த கூட்டம்கூட இருக்கிறது. அதை மட்டும் நான் எழுதி வைக்கவில்லை.