மாமாவின் நாவலுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

என் மாமாவின் நாவலை யார் வெளியிடுவது என்று தீர்மானித்தவன் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அய்யனாரின் முன்னால் நின்று, ஏமாற்றித் தீர்மானித்தேன். அது ஒரு வீட்டைச் சாய்த்தது. அதைச் சுற்றிவளைத்துச் சொல்கிற வயது எனக்குக் கடந்துவிட்டது.

மாமா என் அம்மாவின் தம்பி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதினார். மிச்ச நேரமெல்லாம் அந்த ஆலையைப் பற்றியே ஒரு நாவல் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. மூன்றில் ஒரு பங்கை வெட்டி, முடிவையும் மாற்றித் தந்தால் இரண்டு வருடம் கழித்துத் தன் செலவிலேயே போடுவதாகச் சென்னையில் ஒரு பதிப்பாளர் சொல்லியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அச்சாபீஸ்காரரோ, முன்பணம் கொடுத்தால் பொங்கலுக்குள் ஆயிரம் பிரதி அடித்துத் தருவதாகச் சொன்னார். ஒரு வரியையும் தொடமாட்டாராம். விற்பது மட்டும் மாமாவின் பாடு. முன்பணத்துக்கென்று வீட்டில் இருந்தது அத்தையின் சங்கிலி ஒன்றுதான்.

"ரெண்டு வருசந்தானே, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்" என்றாள் அத்தை.

"வெட்டச் சொல்லுதான்ட்டி. ஒம் பிள்ளைக்குக் கால் நீளமா இருக்கு, முட்டோட வெட்டுன்னா வெட்டுவியா?"

"பிள்ளையே இல்லாத வீட்டுல பேசுத பேச்சப் பாரு."

அதன் பிறகு இருவரும் பேசமாட்டார்கள். இப்படியே பல நாள் போன பிறகு அத்தைதான் ஒரு வழி சொன்னாள்.

"அய்யனார்கிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். சாமி சொன்னா நானே சங்கிலியக் கழட்டித் தாரேன். இல்லன்னா நீங்க இதப் பத்தி வாயத் தெறக்கக் கூடாது."

"மில்லுல சாமி இல்லன்னு பேசிட்டுத் திரியுத ஆளு நான்" என்று மாமா சிரித்தார். ஆனாலும் சம்மதித்தார்.

அதற்கு முந்தின வாரம்தான் மாமா என்னை அச்சாபீஸுக்குக் கூட்டிப் போயிருந்தார். திரும்பும்போது சூடான பால்கோவா வாங்கித் தந்தார். "இங்கயே அடிச்சா வாராவாரம் புரூப் பாக்க வரணும்லே. நீயும் வருவேல்ல?" என்றார். பதிப்புத் துறையைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான்.

அய்யனார் கோவில் ஆற்றில் அன்று நல்ல தண்ணீர். அத்தை ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூவையும் இன்னொன்றில் செவ்வரளியையும் மடித்து நூல் சுற்றினாள். வெள்ளை வந்தால் சென்னை, சிவப்பு வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர். பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிச் சாமியின் காலடியில் வைத்தார். ஒன்றை எடுக்க வேண்டியவன் நான். பிள்ளைகளின் கை பொய் சொல்லாது என்பது நம்பிக்கை.

"கண்ண மூடிக்கிட்டு எடு, ராசா" என்றாள் அத்தை.

அரைக்கண்தான் மூடினேன். ஒரு மடிப்பின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. அதை எடுத்தேன்.

மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். அத்தை கழுத்தில் கைவைத்து, சங்கிலியைத் தடவிக்கொண்டே நின்றாள்.

புத்தகம் சொன்னபடி வந்தது. பால்கோவாவும் வாராவாரம் வந்தது. ஆனால் புத்தகத்தைக் கேட்பார் யாரும் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் அடுப்படியிலும் கட்டுக்கட்டாய் அடுக்கிக் கிடந்தது. மாமா லீவு போட்டுவிட்டு மதுரைக் கடைகளுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அலைந்ததில் ஆலை வேலையும் போனது. ஒருநாள் வண்டி பிடித்து எல்லாக் கட்டுகளையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கொண்டு போனார். பொழுது சாயத் திரும்பி வந்து, என் கையில் ஒரு சின்னப் பால்கோவாப் பொட்டலத்தை வைத்தார்.

"ஏன் மாமா இம்புட்டுக்காணு?"

"இம்புட்டுத்தாம்லே வந்துச்சு."

கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தின்றேன்.

மாமா அதன் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. குடித்தார். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு செத்துப்போனார்.

சென்ற ஆண்டு நானும் ஒரு புத்தகம் எழுதி முடித்தேன். பதிப்பகத்துக்கு அனுப்பிக் காத்திருக்கலாம், காசு கட்டி நாமே அடிக்கலாம் என்று பேத்தி வழிகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இப்பல்லாம் அம்பது காப்பி கூடப் போடலாம் தாத்தா. வீட்டுல அடுக்க வேண்டாம்" என்றாள். நான் என்னுடையதை எடுத்து வைத்துவிட்டேன். மாமா கையெழுத்துப் போட்டுத் தந்த பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கொடுத்து, அதையே ஐம்பது அடிக்கச் சொன்னேன்.

அத்தை இப்போது செட்டியார்பட்டியில், தன் தங்கை மகன் வீட்டில் இருக்கிறாள். புத்தகக் கட்டை அவள் கட்டிலில் வைத்து, அரைக்கண் மூடியதைச் சொன்னேன். வாசிக்கத் தெரியாதவள், அட்டையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"பூவு தெரிஞ்சா, தெரியுதுன்னு சொல்லியிருக்கணும்லே?"

"சொல்லியிருக்கணும் அத்தை."

அட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"கடைசியா அவிய ஒனக்கு ஒரு பால்கோவா வாங்கியாந்தாவள்லா? அத்தனை புஸ்தகத்தையும் எடைக்கு எடுத்துக்கிட்டு, அச்சுக்கூலி பாக்கியும் போக, அச்சாபீஸ்காரன் அவிய கையில குடுத்தது அதுக்குத்தாம்லே காணும். நீ ஒருத்தனாத் தின்ன."

பிறகு புத்தகக் கட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இதக் கட்டிலுக்கு அடியில வையி."

குனிந்து உள்ளே தள்ளினேன். அவளுக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வாங்கிவந்த பால்கோவாப் பெட்டி இன்னும் என் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.