இருசம்மாள் எடுத்துப்போன தார்ப்பாய்

ஸ்ரீரங்கத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கதை இது. கொள்ளிடக்கரை இருசம்மாள் பட்டிமன்ற மேடையில் ஏறி, நடுவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, பணக்கார நாடுகள் எல்லாம் கஞ்சப் பிசினாறிகள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாளாம். ஊருக்கு வெள்ள நிவாரணம் அனுப்பிய பணக்கார நாடு கோபித்துக்கொண்டு உதவியையே நிறுத்திவிட்டதாம். நான் காய் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் கதை இன்னும் வளர்ந்து, தூதரகத்திலிருந்து கார் வந்து அவள் வாசலில் நின்றதாகவும் சொன்னார்கள்.

அந்த மேடைக்கு மைக் செட் போட்டவன் நான். என் மைக்கின் பேரும் அடிபடுவதால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அது எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். என் மச்சான் அங்கே போக விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறான்.

இருசம்மாளுக்குப் பிறந்த ஊர் துறையூர்ப் பக்கம். லாரி ஓட்டும் மதுரைவீரனைக் கட்டிக்கொண்டு கொள்ளிடக்கரைக்கு வந்தாள். லோடு ஏற்றி வடக்கே போன மனுஷன் அங்கேயே இன்னொரு குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டான். தெருவே அவளோடு சேர்ந்து அழத் தயாராகி நின்றபோது, அவள் இலவம்பஞ்சை வாங்கிப் போட்டு மெத்தை தைக்க உட்கார்ந்துவிட்டாள். தலைமுடியில் எந்நேரமும் பஞ்சு ஒட்டியிருக்கும். முப்பது வயதிலேயே அவளுக்கு நரைத்துவிட்டது என்று நம்பியவர்கள் உண்டு. ஊரில் எந்தெந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி மெத்தைக்கு ஆர்டர் கொடுத்தார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. கேட்டால் சொல்லமாட்டாள். நானும் பல வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன்.

போன ஆடியில் கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி, அவள் வீட்டுப் பின்சுவர் ஊறி உட்கார்ந்தது. சுவர் போனதும் அதன்மேல் இருந்த ஓடுகளும் சரிந்தன. மிச்சக் கூரையும் சல்லடை மாதிரி. இந்த நேரத்தில்தான் திருவெள்ளறையிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. பெண் வீட்டார் தங்கள் கொல்லை மரத்துப் பஞ்சையே மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போனார்கள். இலவம்பஞ்சு ஒருமுறை நனைந்தால் கட்டிதட்டிப்போகும், காயவைத்தாலும் பழையபடி உப்பாது. வேறு பஞ்சை வைத்துத் தைத்தால் பெண்ணின் அம்மா ஒரே அமுக்கில் கண்டுபிடித்துவிடுவாள்.

அதனால் இருசம்மாள் ஒரு பிளாஸ்டிக் ஷீட் வாங்கிக் கூரையில் போடக் கிளம்பினாள். நிவாரணம் தரும் டிரஸ்ட்டின் டெல்பின் மேடம் தடுத்துவிட்டார். வெளிநாட்டுத் தார்ப்பாய் வரப்போகிறது, இப்போதே மூடிவிட்டால் பாதிக்கப்பட்ட வீடு என்று காட்ட முடியாது, பட்டியலிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள் என்றார். ஆக, உதவி வரவேண்டும் என்பதற்காகவே அந்தக் கூரை வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது, அவளும் தூறல் விழும்போதெல்லாம் மூட்டைகளை ஒழுகாத மூலையாகப் பார்த்து நகர்த்திக்கொண்டிருந்தாள். ஆடியில் போன கூரைக்குத் தார்ப்பாய் ஐப்பசியில் வந்தது.

வந்ததும் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த நாடு நிவாரணத்துக்குத் தனியாகவும் விழிப்புணர்வுக்குத் தனியாகவும் பணம் அனுப்பியிருந்தது. விழிப்புணர்வுப் பணத்தில் ஓடு வாங்கக் கூடாதாம், பட்டிமன்றம் நடத்தலாமாம். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, தார்ப்பாய்க்குப் பேர் கொடுத்த கொள்ளிடக்கரைச் சனத்தை எல்லாம் அங்கே வரச் சொன்னார்கள். தலைப்பு: ‘பேரிடர் காலத்தில் பணக்கார நாடுகள் காட்டுவது தாராளமா, கஞ்சத்தனமா?’ நடுவர், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜேக்கப்.

மேடையில் தார்ப்பாய்களை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் அந்த நாட்டுக் கொடி. தார்ப்பாய்மேல் கொடி போட்டார்களா, கொடியைச் சுற்றிக் கொஞ்சம் தார்ப்பாய் வைத்தார்களா என்று எனக்கே குழப்பம். பக்கத்தில் கம்பளிகள் வேறு. திருச்சி வெயிலைப் பற்றி அவர்களுக்கு யாரும் எழுதவில்லை போலிருக்கிறது.

இருசம்மாள் நேராக டெல்பின் மேடத்திடம் போய், வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, தன் தார்ப்பாயைக் கொடுத்துவிட்டால் போய்விடுவதாகச் சொன்னாள்.

“முதல்லயே குடுத்துட்டா யாருங்க உக்காந்து கேப்பா? தீர்ப்பு முடியட்டும், போட்டோ எடுத்துட்டுக் கையில குடுத்துருவோம்” என்றார் மேடம்.

அவள் கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தாள்.

தாராளக் கட்சிக்கு இளவேனில் டீச்சர். எந்த நாட்டில் நிலநடுக்கம் வந்தாலும் முதலில் பறக்கும் விமானம் பணக்கார நாட்டு விமானம்தான் என்று குரல் தழுதழுக்கப் பேசினார். கஞ்சக் கட்சிக்கு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கலையரசன். அவர் பேச எழுந்ததும் தண்ணீர் பாட்டிலைத் தார்ப்பாய் அடுக்கின்மேல் வைத்தார், முழங்கையையும் அதன்மேலேயே ஊன்றிக்கொண்டார். அவர்கள் வருமானத்துக்கு அவர்கள் கொடுப்பது, ஓட்டலில் நாம் சர்வருக்கு வைக்கும் சில்லறைக்குக்கூட உறைபோடக் காணாது என்றார். அதிலும் பாதி, கொடுக்க வருகிறவர்களின் விமான டிக்கெட்டுக்கும் ஓட்டல் ரூமுக்குமே போகிறதாம்.

“அறிவிப்பாங்க நடுவர் அவர்களே, அறிவிப்பாங்க. ஆனா தேவைப்படுறவன் கைக்கு அது எப்ப வந்து சேருதுன்னு ஒருத்தனாவது கேட்டிருக்கானா?” என்று தார்ப்பாயை ஓங்கித் தட்டினார்.

பலத்த கைதட்டல். தட்டியவர்களில் டெல்பின் மேடமும் ஒருவர். அந்தச் சத்தத்தோடு சேர்ந்துதான் முதல் இடி விழுந்தது.

இருசம்மாள் எழுந்து நடு வழியாக நடந்து மேடை ஏறினாள். தனக்குப் பொன்னாடை போர்த்தத்தான் வருகிறாள் என்று நினைத்த கலையரசன், பேச்சை நிறுத்திக் வாகாகக் குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

“சார், பாட்டிலைக் கொஞ்சம் எடுங்க” என்றாள்.

அவர் குனிந்தபடியே நிற்க, பாட்டிலை அவளே எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு, மேலே இருந்த தார்ப்பாயைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். டெல்பின் மேடம் ஓடிவந்து, தீர்ப்பு இன்னும் வரவில்லை, போட்டோ இல்லாவிட்டால் அங்கே கணக்குக் காட்ட முடியாது என்று கெஞ்சினார்.

“மழை வந்துருச்சுங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள்.

அப்புறம் கொள்ளிடக்கரைச் சனம் மொத்தமும் எழுந்தது. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார்கள். ஜேக்கப் ஐயா மட்டும் நிதானம் இழக்கவில்லை. இருபக்க வாதங்களையும் சீர்தூக்கிப் பார்த்து, பணக்கார நாடுகள் காட்டுவது தாராளமே என்று தீர்ப்பளித்தார். அதைக் கேட்டவர்கள் பேச்சாளர்கள், டெல்பின் மேடம், நான், யாரும் தொடாத கம்பளிகள்.

மறுநாள் மைக் செட்டுக்குப் பணம் வாங்கப் போனபோது மேடம் என்னையும் கொள்ளிடக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார், போட்டோவுக்காக. தார்ப்பாய் கூரையில் இறுகக் கட்டியிருந்தது, ஆனால் கொடியை வெளியில் காணோம். கொடி போட்ட பக்கம் வழுக்குகிறது, கல் நிற்கவில்லை என்று அதை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தாள். மேடம் வேறு வழியில்லாமல் வீட்டுக்குள் தரையில் மல்லாந்து படுத்து அந்த நாட்டின் தாராளத்தைப் படம் எடுத்தார். பக்கத்தில் திருவெள்ளறைப் பஞ்சு மூட்டைகள். ஓரத்து மூட்டையில் மட்டும் ஒரு கை ஈரம். அந்தப் பஞ்சை அவள் தனியாகப் பிரித்து வைத்திருந்தாள்.

மேடம் போனபிறகு நான் அவளிடம் ஊரில் பேசிக்கொள்வதைச் சொன்னேன். மைக், தீர்ப்பு, தூதரகக் கார், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல். கேட்டாவது சிரிப்பாள் என்று பார்த்தேன். ஊசியில் நூல் கோர்ப்பதை அவள் நிறுத்தவில்லை.

“தீர்ப்பா? நானா? அவங்க என்ன பேசுனாங்கன்னே எனக்குத் தெரியாது தம்பி. நான் கதவு வழியா வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”