கொடிக்கம்பியில் ஏறிய மின்சாரம்

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மழை தூற ஆரம்பித்தது. அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான், மாடியில் காயும் கூழ்வத்தலை அள்ளிவரச் சொல்லி மகளைக் கூப்பிட்டேன். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தாள்.

விளாங்குடியில் எங்கள் தெருவில், வத்தல் காயும் மாடிக்கு யாரும் செருப்போடு ஏறுவதில்லை. அவள் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறினாள்.

"கழட்டுடி. வத்தல் கெடக்குற எடத்துல செருப்பா?"

"தரை கொதிக்குதும்மா. வத்தலோட சேத்து என் காலும் பொரியணுமா?"

ஏறிவிட்டாள். நான் வெறுங்காலோடு பின்னால் போனேன். அவள் சொன்னது சரிதான். மழைத்துளி விழுந்த பிறகும் சிமெண்டுத் தரை சுட்டது.

மறுநாள் அம்மன் கோயில் பொங்கல். மைக்செட்காரர்கள் சீரியல் லைட்டை எங்கள் மாடி வழியாக இழுத்திருந்தார்கள். தனியாகக் கயிறு கட்டுவானேன் என்று, துணி காயப்போடும் கொடிக்கம்பியிலேயே ஒயரைச் சுற்றிவிடுவது ஒவ்வொரு வருடமும் வழக்கம். வெயிலில் வெந்து அந்த ஒயரின் தோல் வெடித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் மேலே ஏறிய நேரம், அவர்கள் கீழே விளக்கை எரியவிட்டுப் பார்த்தார்கள்.

மகள் கொடியிலிருந்து துண்டை இழுத்தாள். "என்னமோ சுருக்குங்குதும்மா" என்று கையை எடுத்துக்கொண்டாள். கம்பியில் பிசிறு இருக்கிறதோ என்று நான் பிடித்துப் பார்த்தேன்.

பிடித்த கை திறக்கவில்லை. அதை வலி என்று சொல்ல முடியாது. உடம்பு முழுக்க வேறு யாருடையதோ போல் ஆடியது. கண் மட்டும் எனக்கு மிஞ்சியது. அந்தக் கண்ணால், மகள் என்னை நோக்கிக் கை நீட்டுவதைப் பார்த்தேன். தொட்டால் அவளும் போவாள். தொடாதே என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் தொடவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு குனிந்தாள். வத்தலுக்கு விரித்திருந்த பழைய வேட்டியை உதறி எடுத்தாள். காலையிலிருந்து காய்ந்து மொடமொடவென்று இருந்தது அது. மேலே பரப்பிய வத்தல் மறைத்ததில் தூறல் இன்னும் அதை நனைக்கவில்லை. என் இடுப்பைச் சுற்றிப் போட்டு, இரு முனையையும் பிடித்து இழுத்தாள். நான் விழுந்தேன். கம்பியின் ஒரு முனையும் முடிச்சு அவிழ்ந்து என் காலருகே ஈரத்தரையில் விழுந்தது.

"கிட்ட வராத." குரல் வந்துவிட்டது. கால்தான் வரவில்லை.

அவள் அங்கேயே நின்றாள். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடத்தி எது, கடத்தாப் பொருள் எது என்று பரீட்சைக்கு அவளிடம் நானே கேள்வி கேட்டிருக்கிறேன். அப்போது அவை வெறும் சொற்கள். இப்போது மாடி முழுவதும் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. இரும்புக் கம்பி, ஈரச் சிமெண்டு, வேர்த்த என் உடம்பு எல்லாம் வழிவிட்டவை. ஒரு விரல் கனம்கூட இல்லாத ரப்பர் விடவில்லை. தரையின் சூட்டை அவள் காலுக்கு ஏறவிடாத அதே ரப்பர், மின்சாரத்தை அவள் வழியாகத் தரைக்கு இறங்கவும் விடவில்லை. ஈரம் போகக் காய்ந்த நூல்துணியும் விடவில்லை. அவள் யார் என்று அவற்றுக்குத் தெரியாது. தெரியாமலேயே காத்து நின்றன. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

பக்கத்து மாடியில் தன் வத்தலை அள்ளிக்கொண்டிருந்த அக்கா எங்களைப் பார்த்துவிட்டார். "டேய், லைட்ட நிப்பாட்டுங்கடா" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். கீழே ஒலிபெருக்கி "ஹலோ, ஹலோ" என்று அலறியதில் அது எடுபடவில்லை. அவர் படியிறங்கி ஓடினார்.

"நான் வாரேம்மா."

"வராத. நில்லு."

மழை வலுத்தது. அவிழாத மறுமுனைப் பக்கம் சிவப்பும் பச்சையுமாக எரிந்துகொண்டிருந்த விளக்குகள் அணைந்தன. அப்போதும் அவளை வர விடவில்லை. அணைந்த விளக்கை நம்பும் தைரியம் எனக்கில்லை. அவள் அழுதுகொண்டே நனைந்தாள்.

மைக்செட்காரர் மூச்சிரைக்க மேலே வந்தார். பிடுங்கிய பிளக் அவர் கையிலேயே இருந்தது. அதை என் கண்முன் தூக்கிக் காட்டினார்.

"புடுங்கிட்டேன்க்கா. கம்பியில ஒண்ணும் இல்ல. புள்ளைய வரச்சொல்லுங்க, தொடலாம்."