துளசிமணி அக்காவின் வலது கால்

போன மாதம் ஒரு காலை, நம் பனியன் கம்பெனி ஸ்டோர் ரூமில் லேபிள் பெட்டிகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கோகிலாவிடமிருந்து போன் வந்தது. துளசிமணி அக்காவின் மகள். குன்னத்தூரில் வாக்கப்பட்டவள், வேலை நேரத்தில் என்னைக் கூப்பிடமாட்டாள். "நூரு சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். எங்கே போனார் என்று கேட்கத்தான் எனக்கு வாய் வந்தது. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வாயுங்க, செத்த நேரத்துல சரியாயிரும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர் சுக்குத் தண்ணி வைத்து எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலியை வலி என்று சொல்லும் பழக்கம் கடைசி வரைக்கும் அக்காவுக்கு வரவில்லை.

எழவு வீட்டில் ஒரு பெரியம்மா சொன்னார், "தங்கமான பொம்பளைங்க. பெரியவங்க இருக்கற எடத்துல ஒரு நாளும் உக்காந்து பாத்ததில்லீங்க." சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அக்கா நின்றது மரியாதையால் அல்ல. உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் தீ இறங்கும். முதுகெலும்பில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. கம்பெனியில் அவரோடு வேலை செய்த உங்களில் பலருக்கும் இது தெரியாது. இப்போதாவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டைலராக இருந்ததைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பீர்கள். குனிந்தால் நிமிரமாட்டார். வலி வந்து, அதன் பின்னால் வலது கால் மரத்தது. பெடலை எவ்வளவு மிதிக்கிறோம் என்று காலுக்குத் தெரியாமல் போனது. ஒரு நாள் துணி தறிகெட்டு ஓடி, ஊசி விரல் நகத்தில் ஏறிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு மேனேஜரிடம் போய், செக்கிங் மேசைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். தைத்த துணியில் தப்புப் பார்க்கும் செக்கிங், நின்று செய்கிற வேலை. தப்பாகத் தைத்ததால் இறக்கிவிட்டார்கள் என்று ஃப்ளோர் முழுக்கப் பேச்சு. அக்கா ஒருவரிடமும் மறுத்துப் பேசவில்லை. சண்டைக்குக் கிளம்பிய என்னைத்தான் அடக்கினார். "நின்னா காலு வலிக்குது, உக்காந்தா உசுரு போகுது. எது தேவலைன்னு நீயே சொல்லு" என்றார்.

எனக்கு மட்டும் தெரிந்ததற்குக் காரணம், மதியம் அவர் படுக்க இடம் வேண்டியிருந்ததுதான். ஸ்டோரில் பெட்டிகளுக்குப் பின்னால் வெறும் தரையில் மல்லாந்து, கெண்டைக்காலைத் தூக்கி ஒரு பெட்டியின் மேல் வைத்துக்கொள்வார். சேலைக்குள் கட்டியிருக்கும் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்துவார். "கொஞ்ச நேரம் என்னைய மறந்துரு நூரு" என்பார். யாராவது நூல் கேட்டு வந்தால், நான் வாசலிலேயே நிறுத்தி எரிந்து விழுவேன். ஸ்டோர்க்காரி சிடுமூஞ்சி என்று எனக்குப் பேர் வந்தது அப்படித்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது திடீரென்று நின்று, "ரெண்டு செருப்பும் இருக்குதா பாரு" என்பார். சில நாள் வலது செருப்பு பத்தடி பின்னால் கிடக்கும். நான் போய் எடுத்து வருவேன். "மகாராணிக்குச் செருப்புத் தூக்க ஆள் இருக்குது" என்று நான் முனகினால் குலுங்கிச் சிரிப்பார். ஒரு முறை மட்டும் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "வலின்னா வலிக்குதுன்னு சொல்லலாம். மரத்துப் போனதை என்னன்னுங் கண்ணு சொல்றது?" என்றார்.

ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே அவர் வீட்டில், முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்பார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் எண்ணெய்க் கட்டுக்குப் போய் வந்தார். வீடு முழுக்க எண்ணெய் வாசம் வந்தது, கால் வரவில்லை. அதற்குள் கோகிலாவுக்கு வரன் அமைந்தது. ஆத்தாளுக்கு முதுகில் நோவு, நாளைக்குப் பிள்ளைக்கும் வரும் என்று யாராவது கொளுத்திப் போட்டுவிடுவார்களோ என்று அக்காவுக்குப் பயம். யாரிடமும் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியமே வாங்கிக்கொண்டார்.

நிச்சயத்தன்று நானும் இருந்தேன். நம் பக்கத்தில் தண்ணீர் வருவதற்கு முன்னால் "வாங்க, உக்காருங்க" வந்துவிடும். உட்காராவிட்டால் மனசில் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அத்தனை வருஷமும் தண்ணீர் எடுக்கிறேன், இலை போடுகிறேன் என்று அக்கா தப்பித்து வந்தார். அன்றைக்கு முடியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தன் பக்கத்தில் ஜமுக்காளத்தைத் தட்டி, "நீங்க நின்னுட்டே இருந்தா எங்களுக்கு மனசு ஒப்புமாங்க? வாங்க, உக்காருங்க" என்றார். பெண்ணின் அம்மாவுக்குச் சம்மதமில்லையோ என்று அங்கே ஒரு பார்வை ஓடியது. அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு காலை மடக்கி உட்கார்ந்துவிட்டார்.

தட்டு மாற்றும் வரைக்கும் சிரித்த முகம். மேலுதட்டில் மட்டும் வேர்வை துளிர்த்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் எழுந்தபோது அவரால் முடியவில்லை. "காலு மரத்துப் போச்சுங்க" என்று சிரித்தார். "எங்களுக்குந்தானுங்க" என்று சம்பந்தி வீட்டுப் பெண்களும் சிரித்துக்கொண்டே தங்கள் கால்களைத் தேய்த்தார்கள். பாயசம் குடித்து முடிப்பதற்குள் அவர்களுக்கெல்லாம் சரியாகிவிட்டது. அக்காவை நானும் கோகிலாவும் தூக்கி நிறுத்தினோம். மறுநாளிலிருந்து அவரது வலது பாதம் தரையில் இழுபட்டது.

அந்த ஒரு நாள் உட்கார்ந்ததால் வந்தது இல்லை, பல வருஷ அழுத்தம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். நான் இன்னும் நம்பவில்லை. அக்காவோ, "உக்காந்ததுக்கு வருத்தமில்ல நூரு. எந்திரிக்க ஒருத்தர் கை வேணும்னு ஆயிப்போச்சே, அதுதான்" என்றார். கல்யாணம் முடிந்த கையோடு ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டார், "கால் வருமுங்களா?" வலி போய்விடும், உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர்.

வலி போனது. நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் சொல்வதற்கு முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். ஆனால் கால் மரத்தபடியேதான் இருந்தது. பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். "கோவிச்சுக்கிட்டு அம்மா ஊட்டுக்குப் போயிருக்குது. வரும்" என்பார். மாதங்கள் போகப் போக நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது என் போனில் உள்ள ஒரு குரல் பதிவு. இறப்பதற்கு முந்தைய வாரம் அனுப்பியது. ஸ்டோர் வாசலில் யாராவது வந்து நின்றால் அவர் நினைவு வருகிறது, அதைப் போட்டுக் கேட்கிறேன். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிரிக்க முடியாத குரல்.

"நூரு, காலைல வாசல்ல நின்னு பால் வாங்கிட்டிருந்தனா, வலது கால் பெருவிரல்ல கட்டெறும்பு கடிச்சிருச்சு. சுருக்குன்னுச்சு நூரு. நல்லா வலிச்சுது. நான் தட்டி விடலை. இன்னுங் கொஞ்ச நேரம் கடிக்கட்டும்னு அப்படியே நின்னுட்டேன்."