குக்கர் சத்தத்தில் எல்.எல்.ஆர். படித்தது

பீளமேட்டில் மெஸ் ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் என் வாயும்தான். இன்று விமான நிலையத்துப் பக்கம் எந்த ஆபீஸில் போய்க் கேட்டாலும், என் கைச்சோறு தின்று இஞ்சினியரானவர் ஒருவராவது இருப்பார். பெருமையடிக்கிறாள் என்றால் ஆமாம், பெருமைதான். அஞ்சாவதோடு நின்றவளை வேறு யார் வந்து பாராட்டப் போகிறார்கள்?

அப்பேர்ப்பட்ட எனக்கு, அறுபதைத் தொடும் வயதில், சாலை விதிகள் போட்ட ஒரு மெல்லிய புத்தகம் தண்ணி காட்டிவிட்டது.

எங்கள் காய்கறியெல்லாம் மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வரும். விடிவதற்குள் என் வீட்டுக்காரர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் போய் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். அவருக்குக் கண் மங்கியது. இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று ஆர்.எஸ்.புரத்துக் கண் டாக்டர் சொல்லிவிட்டார். சம்பளத்துக்கு வைத்த டிரைவரோ வருகிற நாளைவிட வராத நாள்தான் அதிகம். பெங்களூரில் இருக்கும் மகன் போன் செய்தான்.

“போதுங்கம்மா. பொங்கலோட மெஸ்ஸச் சாத்திப்போட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க.”

“நானே வண்டி ஓட்டிக்கிறேன் கண்ணு.”

சிரித்தான். “எல்.எல்.ஆருக்கே கம்ப்யூட்டர்ல பரீட்சை இருக்குதுங்கம்மா. நீங்க புஸ்தகத்தத் தொட்டு எத்தன காலமாச்சு?”

“எழுதிக் காட்டறேன். தேறலைன்னா நீ சொன்னபடியே பெட்டியக் கட்டறேன்.”

வாய் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது.

மத்தியானப் பந்தி முடிந்து, ராத்திரிச் சமையலுக்கு அடுப்பு ஏற்றும் நேரம்தான் எனக்குக் கிடைத்தது. சிவப்பு வட்டம், குறுக்கே கோடு, ‘முந்திச் செல்லாதே’ என்று படிப்பேன். குக்கர் கூவும். பருப்பா, அரிசியா, எத்தனையாவது விசில் என்று மனது உடனே கணக்குக்குப் போய்விடும். திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டேன் என்றே தெரியாது. எந்த அடுப்பில் எது எந்தப் பதத்தில் இருக்கிறது என்று, சாப்பாட்டு ஹாலில் நின்றபடி சத்தத்தை வைத்தே சொல்வேன். அந்தக் காதால்தான் என் மெஸ்ஸில் ஒரு நாளும் பருப்பு பதம் தவறியதில்லை. அதே காதுதான் என்னை ஒரு பக்கம் தாண்ட விடவில்லை. ஒரு வாரம் முழுக்க முதல் பக்கத்திலேயே கிடந்தேன்.

சாப்பிட வருகிற ஒரு பையன், ஏதோ பெரிய பரீட்சைக்குத் தயாராகிறவன், யோசனை சொன்னான். “சத்தமில்லாத எடத்துல உக்காருங்கக்கா. மனசு தானா நிக்கும்.”

மாடியில் அரிசி மூட்டை அடுக்கும் அறையில் போய்க் கதவைச் சாத்தினேன். அது இன்னும் மோசம். சத்தம் கேட்காததால், எல்லாம் தீய்ந்துகொண்டிருப்பது போலவே இருந்தது. மூக்கில் கருகல் வாசனைகூட வந்தது. தடதடவென்று கீழே ஓடினால் ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவுகிறவள் சிரித்தாள். “ஏனுங்கக்கா, லைசென்ஸு வாங்கறதுக்கு முன்னாலயே இத்தன வேகமுங்களா?”

கடைசியில் என் வீட்டுக்காரர் ஸ்டூலை இழுத்து அடுப்பு முன்னால் போட்டு உட்கார்ந்தார். “நான் எண்ணிக்கிறேன், நீ படி புள்ள. கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்குது.”

நான் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உட்கார்ந்து என்ன?

“இப்பக் கூவுனது அரிசிங்க. பருப்பு இல்லீங்க.”

“உம்பட புஸ்தகத்துல அதயா எழுதியிருக்குது?”

ஒரு நாள் மலைப்பாதை விதி வந்தது. மேலே ஏறும் வண்டிக்கு, இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ் ஏறுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! என்னையே வண்டியில் உட்கார வைத்துப் பார்த்தேன். எதிரே பஸ் வருகிறது, நான் இறங்குகிறேன், ஓரம் கட்டுகிறேன். அடுத்த விதிக்கும் அப்படியே. ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கம் புரண்டது.

தலையை நிமிர்த்தியபோது அவர் குக்கர் மூடியோடு எதிரில் நின்றிருந்தார்.

“கணக்கு வுட்டுப்போச்சு புள்ள. உன்னக் கேக்கலாமுன்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்ல.”

உள்ளே பருப்பு கூழாகிக் கிடந்தது. ஒரு விசில்கூட என் காதில் விழவில்லை. படிப்பு வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பயம்தான் வந்தது. எனக்குச் சோறு போட்ட காது இதோடு போய்விட்டால், லைசென்ஸ் வாங்கி என்ன செய்ய? யாரும் பார்க்காதபோது கரண்டியைக் கீழே போட்டுக் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்டது. ஆனாலும் சாயங்காலம் வரை ஒவ்வொரு விசிலையும் விரல் விட்டு எண்ணினேன். கூழான பருப்பை ரசத்தில் கரைத்துவிட்டேன். ரசம் நன்றாக இருந்ததென்று இரண்டு பேர் சொன்னார்கள், அது வேறு.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் பரீட்சை அறையில் என்னைச் சுற்றி எல்லாம் காலேஜ் பிள்ளைகள். திரையின் மூலையில் நொடி குறைந்துகொண்டே வந்தது. முதல் கேள்வியை நான் வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. பெட்டி கட்டுவதுதான் கண்முன் வந்தது. பிறகு கண்ணை ஒரு முறை மூடித் திறந்து, மனதுக்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அதற்கப்புறம் அறையில் யார் இருமினார், யார் எழுந்தார், ஒன்றும் தெரியாது. திரையில் ஏதோ பெரிய எழுத்தில் வந்தது. அதையும் நம்பாமல் அங்கே நின்ற ஆபீசரைக் கேட்டேன்.

“ஏனுங்க, இது பாஸுங்களா?”

“பாஸுதானுங்கம்மா. எந்திரிங்க, அடுத்த ஆள் நிக்கறாங்க.”

மகனுக்குப் போன் செய்தேன். “செரிங்கம்மா, பொங்கலுக்கு நாங்க அங்க வர்றோம்” என்றான். உடனே, “ஓட்டற டெஸ்ட்டு இன்னும் இருக்குதுங்களே?” என்றான். என் மகனாயிற்றே, விடுவானா?

அன்று சாயங்காலமே எல் போர்டு ஒட்டி, மெஸ் வாசலில் டிரைவர் சீட்டில் ஏறினேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். நுனியில் உட்கார்ந்தால்தான் கிளட்ச் எட்டியது.

“மெதுவா வுடு புள்ள, மெதுவா.”

வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். உள்ளங்கை வேர்வையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் சாவியைத் திருகினேன்.